பிந்தி வந்த மழை

நவ. 4, செவ்வாய்
மதியம் கனத்த மழை. பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்துத் தோட்டத்து லய வீடுகளில் முழங்கால் அளவு தண்ணீர். நாங்கள் பொருத்திய வெள்ள எச்சரிக்கைச் சங்கு ஊதவில்லை. அதை வைக்க இடம் கொடுத்தவர் செல்வி அக்கா. அவர் கணவர் நடக்க முடியாதவர். பக்கத்து வீட்டார் கட்டிலோடு தூக்கியிருக்கிறார்கள். தையல் மெஷின் தண்ணீரில். அக்கா போனில், "உங்க சங்கு தூங்கிருச்சா லா?"

நவ. 5, புதன்
புக்கிட் செந்தோசா ஆபீஸ். தலைவலி. கோப்பி மூன்று. பதிவுகளைப் பார்த்தேன். மழைமானியின் சின்னக் கிண்ணம் நிறைந்து கவிழும்போதெல்லாம் ஒரு செய்தி வரும், கவிழ்ந்த நேரத்தோடு. என் புரோகிராம் அவற்றைப் பத்துப் பத்து நிமிடமாக எண்ணும்; பதினைந்தைத் தாண்டினால் சங்கு. 3.10–3.20க்கு வந்தவை ஐந்துதான். மழையில் போன் லைன் போய், அதே பத்து நிமிடத்தில் கவிழ்ந்த மீதிப் பதினான்கும் 3.32க்கு மொத்தமாக வந்திருக்கின்றன. அதற்குள் அந்தக் கணக்கு மூடியாயிற்று. பிந்தி வந்ததைத் தள்ளிவிடு என்று எழுதியது நான். தண்ணீர் ஏறியது நாலு மணிக்கு மேல்.
முதலாளி தினேஷ்: "லைன் பிரச்சனைன்னு ரிப்போர்ட் எழுதிரு லா."
எழுதவில்லை.

நவ. 6, வியாழன்
மாற்றியாயிற்று. செய்தி எப்போது வந்தாலும், பெய்த நேரத்தின் கணக்கில் சேரும். ஒவ்வொரு கணக்கும் இன்னும் அரை மணி திறந்திருக்கும். சங்கு மட்டும் காத்திருக்காது. பதினைந்து தாண்டிய நொடியே. செவ்வாய் மழையின் பதிவைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். பத்தொன்பது. 3.32க்கு ஊதியிருக்கும்.

நவ. 8, சனி
லயத்துக்குப் போனேன். சுவரெல்லாம் சேற்றுக் கோடு.
"தப்பு என்னோடதுக்கா. லேட்டா வந்த மழைய என் புரோகிராம் எண்ணாம வீசிருச்சு."
செல்வி அக்கா சேற்றுத் துணியைப் பிழிந்தார். "இப்ப வீசாதா?"
"வீசாதுக்கா."
"சரி. டீ குடிச்சிட்டுப் போ."
கட்டிலில் இருந்தவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

நவ. 13, வியாழன்
இரண்டு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. லைன் மறுபடி போனது. 2.10 கணக்கில் ஆறு. 2.31, லைன் வந்தது. ஆறு பதினேழானது. சங்கு.
3.15, அக்கா போன். "எல்லாரும் மண்டபத்துல இருக்கோம். தண்ணி வாசப்படியோட நின்னுருச்சு. சும்மா என்னத் தூக்கிட்டு வந்துட்டீங்கன்னு அவரு ஏசுறாரு."
பின்னால் அவர் குரல் கேட்டது. நன்றாகவே ஏசுகிறார்.