உன் பாஷையில் ஒரு வாக்கியம்

மாப்ள,

நேற்று மதியம் நம் தொடர்பியல் துறையின் பயிற்சி அறையில் அந்த நீல பிளாஸ்டிக் ஸ்டூலை யாரோ இழுத்தார்கள். தரையில் அது கிறீச்சிட்ட சத்தத்துக்கு, நீதான் வந்துவிட்டாய் என்று திரும்பிவிட்டேன். பார்த்தால், நான் பாடம் எடுக்கும் முதுகலை மாணவி ஒருத்தி. சிறப்புப் பாடம் தேர்ந்தெடுக்கும் வாரம் இது. மற்ற எல்லோரும் சினிமாவுக்கும் விளம்பரத்துக்கும் பெயர் கொடுத்துவிட்டார்கள். அவள் மட்டும், "சார், இந்த ஹெல்த் கம்யூனிகேஷன்ல என்னதான் சார் சொல்லித் தருவீங்க?" என்று கேட்டாள். உன்னைப் பற்றிச் சொல்லாமல் அதற்கு எப்படிப் பதில் சொல்வது? நாளைக்கு வரச்சொல்லி அனுப்பிவிட்டேன்.

நாம் படித்தபோது நம் வகுப்பிலும் அந்த நலவாழ்வுத் தொடர்பியலை எடுத்தது நீ ஒருவன்தான். இரண்டு பேராவது இருந்தால்தான் நடத்துவோம் என்று துறையில் சொல்லிவிட்டார்கள். நானோ விளம்பரத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு, அப்போதே சென்னையில் பெரிய ஆளாகிவிட்ட நினைப்பில் திரிந்துகொண்டிருந்தேன். நேராக வந்து என் தோளைப் பிடித்தாய்.

"விளம்பரம் எங்கயும் ஓடிறாது மாப்ள. நீ வரலைன்னா இது நடக்காது."

"நடக்காட்டிப் போகுது. ஆஸ்பத்திரில போஸ்டர் ஒட்டுறதுக்கு எம்.ஏ.வாடா?"

அன்றுதான் உன் அப்பாவைப் பற்றிச் சொன்னாய். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்பதை டாக்டர் வார்டு வாசலில் நின்றபடி, பாதி இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வீட்டில் சௌராஷ்டிர மொழியும் கடைக்கண்ணிக்கு மட்டும் தமிழும் பேசும் உன் அம்மாவுக்கு அது எங்கே புரியும்? "அம்மா தலைய ஆட்டிக்கிட்டே இருந்துச்சுடா. நல்லாயிரும்னு நெனச்சு, வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு ரசம் வச்சுச்சு" என்றாய். அன்று சாயங்காலமே போய்ப் பாடத்தை மாற்றிக்கொண்டேன்.

வகுப்பு என்றால் நாம் இருவர்தான். நீ பெஞ்சில் நோயாளியாகப் படுத்துக்கொள்வாய். நான் டாக்டராக வந்து கெட்ட செய்தியைச் சொல்ல வேண்டும். எனக்கு அது ஒருநாளும் ஒழுங்காக வந்ததில்லை. "நின்னுக்கிட்டே சொல்றியே, பஸ் டைமாடா சொல்ற? உக்காரு மொதல்ல" என்று அந்த ஸ்டூலைக் காலால் தள்ளிவிடுவாய். "'கொஞ்சம் சீரியஸ்'னு இழுக்காத. உள்ளதச் சொல்லு. சொல்லிட்டு எந்திரிச்சு ஓடிறாத." சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கும். எல்லாம் விளையாட்டாகத்தான் இருந்தது.

போன வருடம் உனக்குக் கணையத்தில் கட்டி என்றார்கள். பரவிவிட்டது என்பதையும் அடுத்த வாரமே சொல்லிவிட்டார்கள். நீ அழவில்லை. படுக்கையில் கிடந்தபடி எனக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தாய், கிராதகா.

"அம்மாட்ட யாரும் வாசல்ல நின்னு சொல்லக் கூடாது. நீ சொல்லு. எங்க பாஷையில சொல்லு."

"உங்க பாஷை எனக்கு எங்கடா தெரியும்?"

"ஒரு வாக்கியம்தான? நான் சொல்லித் தாரேன்."

'உங்கள் மகன் இறந்துவிட்டான்.' அதுதான் அந்த வாக்கியம். அதை உன் வாயாலேயே சொல்லி, என்னைத் திருப்பிச் சொல்லவைத்தாய். "பேரையூர்க்காரன் நாக்குக்கு இது வளையாது போலயே" என்று சிரித்தாய். நாம் ஏதோ பாட்டுப் பழகுகிறோம் என்று நர்ஸ் நினைத்துக்கொண்டார். நான் வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தால், "எங்க, இன்னொரு தடவ சொல்லு" என்பாய். உனக்கு எப்படித்தான் மனசு வந்ததோ!

நீ போன அன்று காலையில், குளித்துவிட்டு வருகிறேன் என்று அம்மா ஆனையூர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். வழியெல்லாம் ஹெல்மெட்டுக்குள் அந்த வாக்கியத்தையே சொல்லிக்கொண்டு பைக் ஓட்டினேன். அடுப்படியில் உனக்குக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தார்கள். அடுப்பை அணைத்தேன். அவர்களை உட்காரவைத்து, பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சொன்னேன்.

அம்மா தலையை ஆட்டவில்லை. என் முகத்தையே பார்த்தார்கள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு உங்கள் பாஷையில் பேச ஆரம்பித்தார்கள். அழுவதும் பேசுவதுமாக நிறையப் பேசினார்கள். நடுநடுவே உன் பெயர் வந்ததைத் தவிர எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. அடப்பாவி, அவர்கள் பதிலுக்கு என்ன சொல்வார்கள் என்று நீ சொல்லித்தரவே இல்லையே! ஆனால் நான் எழுந்திருக்கவில்லை. உன் அக்கா வந்து சேரும்வரை அங்கேயேதான் இருந்தேன்.

இன்று அந்தப் பெண் மறுபடியும் வந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காரும்மா" என்றேன். உன்னைப் பற்றிச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொருத்தியைக் கூட்டி வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறாள். அந்த விதி இன்னும் மாறவில்லை. துணைக்கு ஆள் கிடைக்காவிட்டால் இந்த வருடமும் நம் பாடம் கிடையாது. பார்க்கலாம்.

இத்தனை வருடம் உன்னோடு பழகியும் உன் பாஷையில் நான் கற்றது அந்த ஒரே வாக்கியம்தான். சொல்ல வேண்டியவரிடம் சொல்லியாயிற்று. இனி அது யாருக்கும் வேண்டாம். ஆனாலும் பைக்கில் போகும்போது வாய் தானாக அதைச் சொல்லிப் பார்க்கிறது, மாப்ள. இப்போது பிசிறில்லாமல் வருகிறது.