உங்கள் எண்ணை அழித்த காலை

இன்று காலை உங்கள் கைப்பேசி எண்ணை அழித்தேன். நீங்கள் இறந்து நாற்பது நாளாகிறது. அந்த எண் இனி வேறு யாருக்காவது போய்விடும், சாஃப்ட்வேரைச் சரிபார்க்கும் டெஸ்டுகளிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று மேனேஜர் சொன்னார். அது இருந்த முதல் டெஸ்டையே தூக்கினேன். மிச்சத்தை ஓட்டினேன். நான்கு வருடமாகப் பாஸ் என்று பச்சையாகவே வந்துகொண்டிருந்தவை, ஃபெயில் என்று வரிசையாகச் சிவந்தன.

பாலக்காட்டு அலுவலகத்தில் உட்கார்ந்து, சிவந்த ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தேன். இடுக்கி மாவட்டத்து ஏலப்பாறைப் பக்கம் மழை கூடினால், எஸ்டேட் லயங்களின் வரிசை வீடுகளில் இருப்பவர்களுக்கு மண்சரிவு எச்சரிக்கைக் குறுஞ்செய்தி அனுப்பும் சாஃப்ட்வேர் அது. அந்த லயங்களில் ஒன்றில்தான் என் அக்கா இருக்கிறாள்.

நீங்கள் அன்றே சொன்னீர்கள். மேனேஜர் முன்னால் சொன்னீர்கள், அதைத்தான் நான் பொறுக்கவில்லை. கொழிஞ்சாம்பாறைத் தோப்புக்காரர் வீட்டுப் பிள்ளை நீங்கள். லயத்தில் படித்து மேலே வந்தவன் நான். திட்டும்போதும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவீர்கள்.

"ஏனுங்க, என்ற நம்பரை உங்க மொத டெஸ்டு மெசேஜு போற பட்டியல்ல சேக்குது. முடிஞ்சதும் அழிச்சுப்போட்டுப் போகோணுமுங்க. அழிக்கறதில்லை. அடுத்ததெல்லாம் அந்த நம்பருக்கு மெசேஜு போறதப் பாத்துட்டு பாஸுங்குது. ஒண்ணொண்ணாத் தனியா ஓட்டிப் பாருங்க."

"ஓடுறத எதுக்கு ஒடைக்கிறீங்க? தோப்புல தேங்கா பறிச்சது போதாதா, எங்கிட்டயும் வந்து பறிக்கணுமா?"

மேனேஜர் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. "மேக்காட்டுக்காரன் மடையை அடைக்காம ஊட்டுக்குப் போனா, கீக்காடு ஈரமாத்தானுங்க இருக்கும். அதுக்குன்னு கீக்காட்டு வாய்க்கா நல்லாருக்குதுன்னு அர்த்தமாங்க?"

ஒவ்வொரு டெஸ்டும் காலிப் பட்டியலோடு தொடங்கும்படி நீங்களே திருத்தி அனுப்பினீர்கள். என் பகுதியில் எதைச் சேர்ப்பது என்று முடிவுசெய்யும் உரிமை என்னிடம் இருந்தது. வேண்டாம் என்று ஒரு வரி எழுதித் திருப்பினேன். அந்த வருடம் தலைமைப் பொறுப்பு உங்களுக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு உங்களோடு டீக்குடிக்கக்கூட நான் வந்ததில்லை.

இன்று சிவந்தவற்றில் ஒன்று, கரண்ட் போய் வந்தபின் என்ன நடக்கிறது என்று பார்ப்பது. எஸ்டேட் அலுவலகத்துக் கணினி மறுபடி எழுந்ததும் லயத்துக்காரர்களின் எண்களைப் படித்துக்கொள்ள வேண்டும். படிக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் படிக்கிறது. இடையில் வரும் எச்சரிக்கையை யாருக்கும் அனுப்பாமலே 'அனுப்பப்பட்டது' என்று எழுதிவைக்கிறது. டெஸ்டில் மட்டும் உங்கள் எண் மிச்சம் கிடந்ததால் இது இத்தனை காலம் தெரியவில்லை.

இடுக்கிக்கு இன்று ரெட் அலர்ட். இன்றைய பதிவைத் திறந்தேன். பத்து நிமிடத்துக்கு முன்னால் ஓர் எச்சரிக்கை. அனுப்பப்பட்டது. பெற்றவர்கள்: பூஜ்யம்.

மேனேஜரிடம் சொன்னேன், அவர் பஞ்சாயத்தைக் கூப்பிட்டார். நான் அக்காவைக் கூப்பிட்டேன். மூன்றாவது முறைதான் எடுத்தாள்.

"அக்கா, கரண்ட் போச்சா?"

"விடியவே போயி, இப்பத்தான் வந்துச்சு. ஏன்டா?"

"லயத்துல எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போ."

"மெசேஜு வரலியே. மெசேஜு வராம யாரும் பதறக் கூடாதுன்னு நீதானடா சொன்ன."

"இப்ப நான் சொல்றேன்ல."

"நீ சொல்றியா, ஒன் மிசினு சொல்லுதா?"

"மிசினு தப்புக்கா. நான் எழுதுனது தப்பு."

"சோத்த எறக்கி வச்சிட்டுப் போறோம்" என்றாள்.

அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் அவள் போன் கிடைக்கவில்லை. அந்த இரண்டு மணி நேரத்தில் நீங்கள் அனுப்பிய பழைய திருத்தத்தைத் தேடி எடுத்தேன். ஓர் எழுத்தும் மாற்றாமல் உங்கள் பெயரிலேயே சேர்த்தேன். பிறகு பட்டியலைப் படிப்பதில் இருந்த பிழையைச் சரி செய்தேன். ஒரே வரியை மூன்று முறை தப்பாக அடித்தேன்.

மத்தியானம் ஸ்கூலிலிருந்து அக்காவே கூப்பிட்டாள். லயத்துக்குப் பின்னால் இருந்த மேடு சரிந்து, மண் அடுப்படிச் சுவர்வரை வந்து நிற்கிறதாம். ஆட்களுக்கு ஒன்றுமில்லை.

மேனேஜர் முன்னால் என்னைக் குனிய வைத்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா என்று கேட்காதீர்கள். போன வருடப் பதிவுகளையும் பார்த்துவிட்டேன். அதே பூஜ்யம் நான்கு இடங்களில் இருக்கிறது. அந்த நாட்களில் மழை தானாக நின்றிருக்கிறது, அவ்வளவுதான்.

சாயங்காலம் எல்லா டெஸ்டும் பச்சையாக வந்தன. ஒவ்வொன்றையும் தனியே ஓட்டினேன். வரிசையைக் கலைத்துப் போட்டு ஓட்டினேன். எல்லாம் பச்சை. அப்படியும், எஸ்டேட் கணினியில் ஏற்றி ஒரு சோதனை மெசேஜ் அனுப்பியபின் அக்காவைக் கூப்பிட்டு, "மெசேஜ் வந்துச்சா?" என்று கேட்டேன். வந்துவிட்டதாம். கால் மணி நேரம் கழித்து மறுபடி கேட்டேன்.

"இன்னும் எத்தன தடவடா கேப்ப?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. நீங்கள் இருந்திருந்தால், போதுமுங்க என்று சொல்லியிருப்பீர்கள். அதைச் சொல்ல இங்கே வேறு யாரும் இல்லை.