கோளாறு இல்லாத கட்டில்

மார்ச் 4, செவ்வாய்
புகார்த் தொலைபேசியில் இன்று ஏழு அழைப்பு. இரண்டில் கைப்பிடி சுற்றவில்லை, ஒன்றில் சக்கரம் கழன்றுவிட்டது. மீதி நாலும் வழக்கம்போல: கட்டிலில் கோளாறே இல்லை, படுத்திருந்தவர்தான் இல்லை. "அப்பா போயிட்டாரும்மா. மூணு மாசந்தான் படுத்திருந்தாரு. கட்டில நீங்களே எடுத்துக்குவீங்களா?" என்றாள் ஒரு மகள். எங்கள் கம்பெனி முப்பது வருடமாக நோயாளிக் கட்டில் விற்கிறது, திரும்ப எடுத்ததில்லை. புகார்ப் படிவத்தில் 'கோளாறு இல்லை' என்று குறித்து மூடினேன். என் சொந்த நோட்டில் எழுதிக்கொண்டேன். இப்படிக் கேட்டவர்கள் இதோடு இருநூற்றுப் பதினான்கு பேர்.

மார்ச் 12, புதன்
விற்பனை படுத்துவிட்டதாம். புது வழி கற்றுக்கொடுக்க வெளியிலிருந்து ஒரு நிபுணர். வண்ணக் காகிதத்தில் யோசனை எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார். 'வாடகைக்கு விடலாம்' என்று ஒட்டி, நோட்டையும் நீட்டினேன். சின்ன முதலாளி புரட்டக்கூட இல்லை. "இது கம்ப்ளெயின்ட்டே இல்லியேக்கா. செத்தவங்க லிஸ்ட்ட வெச்சு என்ன வியாபாரம் பண்றது?" எல்லோரும் சிரித்தார்கள். நிபுணரும்! கற்றுக்கொடுக்க வந்த லட்சணம்!

மார்ச் 13
என் காகிதம் குப்பைக்கூடையில். எடுத்து நோட்டுக்குள் வைத்தேன். சின்ன முதலாளியின் அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டதாம். மாலையில் ஒரு கட்டில் அவர் வீட்டுக்குப் போனது. பாவம், அந்த அம்மா.

ஏப்ரல் 2
நிபுணரின் முடிவு: கட்டிலுக்கு நாலு புது நிறம். என் இடத்தில், ஜூன் முதல், பதிவுக் குரல். கைப்பிடிக்கு ஒன்றை அமுக்கவும், சக்கரத்துக்கு இரண்டு — அப்பா செத்தவ எத அமுக்குவா? யாராவது யோசிச்சாங்களா? என் வேலையைவிட அதுதான் எனக்கு — இல்லை, இங்கே எதற்குப் பொய். என் வேலையும்தான்.

மே 19, திங்கள்
அந்த அம்மா காலமாகி இரண்டு வாரம். இன்று சின்ன முதலாளியே வீட்டிலிருந்து அழைத்தார். "அக்கா... அந்தக் கட்டில்... ரூமுக்குள்ள போகவே முடியல. என்ன பண்றது?"
படிவத்தில் இருப்பதைத்தான் கேட்டேன். "கட்டில்ல ஏதாவது கோளாறா சார்?"
"அந்த நோட்டு இருக்கா?" என்றார்.
போனை வைத்ததும் நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். கோளாறா என்று கேட்டிருக்க வேண்டாமோ? ஏன் வேண்டாம்? இத்தனை வீட்டுச் சாவு உறைக்கவில்லை, தன் வீட்டுச் சாவுதான் உறைத்தது. இதற்குப் பெயர் கற்றலாம்!

ஜூலை 7, திங்கள்
வாடகைப் பிரிவு தொடங்கியாயிற்று. நிபுணரின் யோசனை என்று பலகையில் போட்டிருக்கிறார்கள். பற்றிக்கொண்டு வந்தது. பதிவுக் குரல் வரவில்லை. என் நாற்காலி என்னிடமே. முதலில் போனது அந்த அம்மாவின் கட்டில்தான். கேட்டவர் ஒரு மகன். புதுப் படிவத்தில் ஒரு கட்டம்: 'எத்தனை நாளுக்கு?' இதையா ஒரு மகனிடம் கேட்பது? காலியாக விட்டேன். நோட்டில் புதுப் பக்கம் திருப்பி எழுதினேன்: வாடகைக்குப் போனது, ஒன்று.