கொடி ஏறாத பந்தல்

இன்று உங்கள் வீட்டுப் பக்கம் போனேன். கிணற்றடியில் நீ போட்ட பந்தலில் உன் மருமகள் பீர்க்கை படர விட்டிருக்கிறாள். மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறது. எந்தக் கொடிக்காக அதைப் போட்டாய் என்பது எனக்குத்தானே தெரியும்.

மிஷன் பள்ளியில் நாம் ஒரே பெஞ்சு. நீ சைவம், நாங்கள் கறி தின்னும் கிறிஸ்தவர்கள்; எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாய். ஆனால் என் வாய்ச்சொல்லை நம்புவாய். கடைப் பிஸ்கோத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏட்டி, இதுல முட்டை கிட்டை கெடக்கா?" என்பாய். இல்லை என்று நான் சொன்னால்தான் கடிப்பாய்.

அந்த ஐப்பசி மழையில் மூச்சிரைப்பு முற்றி, நான் நர்சாக இருந்த ஆஸ்பத்திரிக்கு உன்னை வண்டியில் கொண்டுவந்தார்கள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. டாக்டரம்மா புது மருந்தை ஊசியில் ஏற்றினார். அட்ரினலின். குண்டிக்காய்க்கு, அதாவது சிறுநீரகத்துக்கு, பக்கத்தில் இருப்பது என்று அந்தப் பேருக்குப் பொருள். மாட்டின் குண்டிக்காய்மேல் ஒட்டியிருக்கும் சுரப்பியிலிருந்து எடுப்பது என்று எங்களுக்கு முன்பே சொல்லியிருந்தார். நீ என் கையைப் பிடித்துத் தடுத்தாய்.

"எதுலட்டி... செஞ்சது?"

உண்மையைச் சொன்னால் வேண்டாமென்பாய், செத்தே போவாய். "சீமையில ஒரு கொடியாம்" என்றேன். கையை விட்டாய்.

நெஞ்சு படபடக்க, விரல் நடுங்க, சற்று நேரத்தில் எழுந்து உட்கார்ந்து சிரித்தாயே! "கொடிக்கு இம்புட்டு வீரியமா! எனக்கொரு கன்னு வாங்கித் தாட்டி, கெணத்தடியில வைக்கேன்." சரி என்று சொல்லித் தொலைத்தேன். நீ பந்தலே போட்டுவிட்டாய். தெருவெல்லாம் அட்ரினாக் கொடி என்று பேச்சு. "கன்னு வந்துட்டா?" என்று ஆள்மேல் ஆள் அனுப்பினாய். ஒவ்வொரு ஊசிக்கும் நான் அதே பொய்யைச் சொன்னேன்.

அந்த ஊசியோடே பல வருஷம் இருந்து, பேரனை மடியில் போட்டுக் கொஞ்சிவிட்டு, பிறகு ஏதோ காய்ச்சலில் போனாய். "கடைசி மட்டும் கவுச்சி தொடாத மனுசி" என்று துக்கத்துக்கு வந்தவர்கள் பேசினார்கள். நானும் தலையாட்டிக்கொண்டு நின்றேன், பாவி. நீ உயிரைவிட மேலாக வைத்திருந்த ஒன்றை உன்னைக் கேட்காமலே எடுத்துவிட்டேன்.

கோவிலில் பாவ அறிக்கை சொல்லும்போது எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. இனிச் செய்வதில்லை என்று மனந்திரும்பினால்தான் மன்னிப்பு என்கிறார் போதகர். நான் எங்கே திரும்ப? நாளைக்கே நீ இரைத்துக்கொண்டு வந்து, என் கையைப் பிடித்து, "எதுலட்டி செஞ்சது?" என்று கேட்டாலும், கொடி என்றுதான் சொல்வேன்.