மண் தின்ற சேலை

அன்புள்ள அம்மாவுக்கு, சேசுவுக்கே புகழ். உன் மக இவாஞ்சலின் இங்க லூதியானாவுல சொகமா இருக்கேன். உனக்கு முழங்கால் வலி தேவலையா?

அப்பா வாழைக்குத் திரும்ப யூரியா வாங்கப் போறாகன்னு சொன்னியே, கொஞ்சம் பொறுக்கச் சொல்லு. ஆராய்ச்சிக்காக ரெண்டு வயல்ல பருத்தித்துணியைப் புதைச்சோம். மண்ணுல உயிர் இருந்தாத்தான் துணியைத் தின்னும். யூரியா வயல்ல துணி அப்படியே கெடந்துச்சு. தொழுவுரம் போட்ட வயல்ல கரை மட்டும்தான் மிச்சம். போட்டோ வச்சிருக்கேன், அப்பாகிட்ட காட்டு.

அன்னைக்கு வேற துணி கெடைக்கலன்னு, நான் தலைமாட்டுல வச்சுப் படுக்கிற உன் நூல்சேலையைத்தான் கிழிச்சுக் குடுத்தேன். தோண்டி எடுத்ததுல மிஞ்சினதையும் எங்க ஆராய்ச்சி மேடம் எல்லாருக்கும் காட்டணும்னு கண்ணாடிப் பெட்டியில வச்சுப் பூட்டிட்டாக.

பருப்புப்பொடி அனுப்பும்போது இன்னொரு சேலை வையி. மெஸ்ஸுல மணி அடிச்சிருச்சு, ஓடுறேன். துவைச்சுறாதம்மா, கட்டி அவுத்ததை அப்படியே வையி.