ஸ்டோருக்குள் பூட்ஸ் போட்டு நடந்தவருக்கு

நேற்று ஈப்போவில் மகளோடு சாமான் வாங்கப் போன கடையில், ஒருவர் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். தரை வழுக்குமா என்று பார்க்கும் அதே கருவிதான். ஊசலாடும் ஒரு கை, கையின் நுனியில் ரப்பர்த் துண்டு. தரையில் தண்ணீரைத் தெளித்து அந்தக் கையை ஆடவிட்டார். “செருப்புக்கா, வெறுங்காலுக்கா?” என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மகள் இழுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் கேட்டதன் அர்த்தம் உங்களுக்குத்தான் புரியும்.

எண்பதுகளின் தொடக்கம். ரப்பர்த் தோட்டத்து ஸ்டோரில் உறைந்த பாலை உருளையில் விட்டுத் தகடாக்கும் மிஷின் உங்கள் பொறுப்பு. நான் தகடுகளைத் தள்ளிக்கொடுப்பேன். பால்தண்ணீர் வழிந்து வழிந்து சிமெண்டுத் தரை எப்போதும் கொழகொழவென்றிருக்கும். கம்பெனி எல்லாருக்கும் ரப்பர் பூட்ஸ் கொடுத்திருந்தது. காலையில் பெரட்டில் ஆள் எண்ணும்போது பூட்ஸோடு ஒழுங்காக நிற்போம். பிறகு ஸ்டோர் வாசலில் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போவோம். மிஷினுக்கு மேலே பலகையில் முருகன் படம் இருந்தது அல்லவா? உங்கள் அப்பா வைத்தது. யாராவது மறந்து பூட்ஸோடு ஓர் அடி வைத்தாலும் உங்கள் சத்தம் நம் லயத்து வீடுகள் வரைக்கும் கேட்கும்.

அப்புறம் நான் விழுந்தேன். உருளைக்குள் போயிருக்க வேண்டிய கை, சட்டத்தில் மோதி மணிக்கட்டு உடைந்தது. மிஷினை நிறுத்தியபோது உங்கள் முகத்தைப் பார்த்தேன். வலித்தது எனக்கு, வெளுத்துப்போயிருந்தது நீங்கள்.

தரைதான் கோளாறு என்று சொல்லி மேனேஜர் டவுனிலிருந்து ஒரு சீன அதிகாரியை வரவழைத்தார். நானும் கைக்கட்டோடு வேடிக்கை பார்க்க வந்தேன். அவர் ஈரத் தரையில் கருவியை வைத்து அதன் கையை ஆடவிட்டார். அது தரையை உரசி, கொஞ்சம் எழும்பி நின்றது. பூட்ஸுக்கு இந்தத் தரை மோசமில்லை என்று மலாயில் சொன்னார். பிறகு நம் கால்களைப் பார்த்தார். வாசலில் இருந்த பூட்ஸைப் பார்த்தார். எல்லாரும் உங்களைத்தான் பார்த்தார்கள்.

“சாமி இருக்குலா, சார்” என்றீர்கள்.

அவர் சிரிக்கவில்லை. பெட்டியிலிருந்து மெத்தென்ற வேறொரு ரப்பரை எடுத்து மாட்டினார். வெறுங்காலுக்கு அதுதான் கணக்காம். இந்த முறை கை எங்கேயும் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் உயரே போனது. தரை எவ்வளவு வழுக்குகிறதோ அவ்வளவு உயரம் போகும் என்று விளக்கினார். உள்ளே கட்டாயம் பூட்ஸ் வேண்டும், சாமியை எங்கே வைப்பது என்பதை நீங்களே பேசி முடிவு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு, தன் சாமான்களைத் துடைத்துக் கட்டினார்.

அன்றைக்கு நீங்கள் சாப்பிடவில்லை. என் கை உடைந்ததிலிருந்து நீங்கள்தான் எனக்குத் தலை பின்னிவிடுவீர்கள். அந்தப் பின்னலின் அழகைப் பார்த்து லயத்துப் பெண்கள் சிரிக்காத நாளில்லை. அன்று சாயங்காலம் பின்னும்போது நானே ஆரம்பித்தேன்.

“மாமா அந்தப் படத்த ஏன் வச்சாரு?”

“ஒருத்தன் கை மிஷின்ல போச்சு. அதுக்கப்புறம் வச்சாரு.”

“அப்ப கையக் காப்பாத்தத்தானே வச்சாரு. இப்ப அந்தச் சாமிக்காகத்தான் எல்லாரும் வழுக்கி விழுறோம்.”

“பேசாம இரு, முடி கலையுது” என்றீர்கள். பின்னல் என்னவோ ஏற்கெனவே கலைந்துதான் இருந்தது.

மறுநாள் பெரட்டு முடிந்ததும் நீங்கள் மட்டும் வெறுங்காலோடு உள்ளே போனீர்கள். படத்தை மார்போடு அணைத்து எடுத்து வந்து வாசலுக்கு வெளியே தாழ்வாரத்தில் மாட்டினீர்கள். சூடம் கொளுத்தினீர்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டீர்கள். கூட்டத்தில் ஓர் அக்கா, “அண்ணே, இது குத்தமாயிரும்” என்றாள்.

“குத்தம் வந்தா எனக்கு வரட்டும். நீங்க எல்லாரும் பூட்ஸ் போடுங்க” என்று சொல்லி, முதல் ஆளாக பூட்ஸோடு உள்ளே நடந்தீர்கள். அதற்குப் பிறகு அந்த மிஷின் பக்கத்தில் யாரும் விழவில்லை.

பல வருஷம் கழித்து, தோட்டமும் போய், நாம் டவுனுக்கு வந்த பிறகு, சர்க்கரை வியாதியில் உங்கள் வலது காலை எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த பழைய ஆட்கள் வெளியே போய்க் குசுகுசுத்தது எனக்கும் கேட்டது, உங்களுக்கும் கேட்டது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சர்க்கரைக்கும் சாமிக்கும் என்ன சம்பந்தம் என்று கத்தினேன். நீங்கள் என் கையைப் பிடித்துத் திருப்பி, மணிக்கட்டைத் தடவிக்கொண்டே சொன்னீர்கள்:

“அவங்க சொல்றது நெசமாக்கூட இருக்கும். கால்தானே கேட்டாரு, போவட்டும்.”

அன்றுதான் எனக்கு உறைத்தது. குத்தம் இல்லை என்று தெளிந்து அந்தப் படத்தை எடுத்தீர்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நீங்கள் தெளியவே இல்லை. தண்டனை வரும் என்று முழுசாக நம்பிக்கொண்டுதான் எடுத்திருக்கிறீர்கள்.