மூன்றாம் ஓலை

மைசூரு,
புதன்கிழமை.

அன்புள்ள ஐவிக்கு,

ஆண்டவர் கிருபையால் நீயும் நிம்மியும் பேரப்பிள்ளைகளும் கோயம்புத்தூரில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் என் குரல் கேட்டதும் நீ வைத்துவிடுவதால் இந்தக் கடிதம். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்கு, சொந்தப் பெண்டாட்டிக்கு எழுதும்போது நாலு தாள் கிழிந்துவிட்டது. சிரித்துக்கொள்.

பக்கத்து வீட்டு லிங்கம்மா தினமும் மதில் மேலாக எட்டி, ஊட்டா ஆயித்தா, சாப்பாடு ஆயிற்றா என்று விசாரிக்கிறாள். ஆயித்து என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து பன் தின்கிறேன். பிரஷர் மாத்திரைதான் தகராறு. பச்சை டப்பாவில் இரண்டு வகை வெள்ளை மாத்திரை இருக்கிறது. காலைக்கு எது, ராத்திரிக்கு எது என்று தெரியவில்லை. நர்ஸைக் கட்டிக்கொண்டவன் இதையெல்லாம் தெரிந்துகொள்ளவே இல்லை.

உனக்கு முதலில் நிச்சயமாகியிருந்த டேவிஸ் மேல் எனக்குக் கோபமில்லை. கல்லறைத் தோட்டத்து வாசலில் அத்தனை வருஷம் கழித்து உன்னைப் பார்த்தவன், முதலில் பேரன் போட்டோவைத்தான் காட்டினான் என்று நீயே சொன்னாய். அப்புறம் பேச்சோடு பேச்சாக, தனக்குச் சொந்த ஊர் தங்கவயலில் யாரும் பெண் பேசவே இல்லை, பங்குச் சாமியாரிடம் அப்படிக் கோள் சொன்னது யார் என்று இன்றுவரை தெரியாது என்றிருக்கிறான். நீ வீட்டுக்கு வந்து மத்தி மீனை ஆய்ந்துகொண்டே, யாராக இருக்கும் என்று என்னைக் கேட்டாய். நான்தான் என்றேன். மீனை அப்படியே விட்டுக் கையைக் கழுவினாய். மறுநாள் காலையில் கிளம்பிவிட்டாய். மூன்று வாரம் ஆகிறது.

அன்று நடந்ததைச் சொல்கிறேன். உனக்கும் அவனுக்கும் கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண ஓலையில் இரண்டு வாசித்தாகிவிட்டது. என்னோடு வேலை பார்த்த ரத்தினசாமி தங்கவயல்காரர். டேவிஸ் வீட்டுப் பையனுக்கு ஊரிலேயே பெண் நிச்சயமாகிவிட்டதே என்று டீக்கடையில் சொன்னார். நான் டீயைக்கூட முடிக்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு சாமியாரிடம் போனேன். உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்தேன். உன்மேல் எனக்கு ஆசை இருந்தது என்பதும் நிஜம். உன் அப்பா அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை, கதவைச் சாத்திவிட்டார். மூன்றாம் ஓலை நின்றுபோனது. அடுத்த வருஷம் நான் பெண் கேட்டு வந்தேன்.

நேற்று நிம்மி பேசினாள். அம்மா மனம் கொஞ்சம் இளகியிருக்கிறது, அப்பா தெரியாமல் செய்ததுதானே, அதை அவரே ஒரு வரி எழுதினால் போதும், ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பஸ் ஏற்றிவிடுகிறேன் என்றாள். உடனே எழுத உட்கார்ந்தேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுதவும் எழுதினேன். அந்தத் தாளைத்தான் முதலில் கிழித்தேன்.

போன ஞாயிறு பூசையில் ஈவ்லின் மகளுக்கு ஓலை வாசித்தார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை இருப்பதாக அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்க வேண்டும் என்று சாமியார் சொன்னபோது நான் முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

ஐவி, நமக்கு இரண்டு ஓலை வாசித்து, மூன்றாம் ஓலைக்கு நாலு நாள் இருக்கும்போது ரத்தினசாமி ஊருக்குப் போய்த் திரும்பினார். நிச்சயமானது டேவிஸுடைய அண்ணனுக்காம், தப்பாகச் சொல்லிவிட்டேன், யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். டேவிஸ் அப்போது பம்பாயில் இருந்தான், கல்யாணமாகவில்லை. அந்த ஞாயிறு நீ எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் நீலப் புடவையில் முக்காடு போட்டு நின்றாய். தடை அறிந்தவர்கள் உண்டா என்று சாமியார் கேட்டார். அந்தக் கோயிலில் அறிந்தவன் நான் ஒருவன்தான். வாயைத் திறக்கவில்லை.

இதை நீ கேட்கவில்லை. டேவிஸுக்கும் தெரியாது. ரத்தினசாமி செத்துப் பத்து வருஷம் ஆகிறது. சொல்லாமலே இருந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை நீ வந்திருப்பாய். அந்த மூன்றாம் ஓலையில் தொடங்கிய மறைப்பை இன்னும் எத்தனை ஞாயிறு சுமக்க வேண்டும் என்று தெரியாததால் எழுதிவிட்டேன். என்னோடு சந்தோஷமாக இருந்தாயா என்று உன்னை நான் ஒருநாளும் கேட்டதில்லை. பதிலுக்குப் பயம். இப்போதும் கேட்கவில்லை.

வர மனமிருந்தால் காலை பஸ்ஸிலேயே வா. சாயங்காலம் கிளம்பினால் இருட்டியதும் காட்டுப்பாதையை அடைத்துவிடுவார்கள், வழியில் மாட்டிக்கொள்வாய். வர முடியாது என்றால், காலை மாத்திரை எது என்று மட்டும் நிம்மியிடம் சொல்லி அனுப்பு. அதுவரை இரண்டையும் போடாமல் வைத்திருக்கிறேன்.

மாதா உன்னைக் காக்கட்டும்.

உன்
சகாயநாதன்